ஒரு மணிக்குப் போட்ட கோடு

மதியம் ஒரு மணிக்கு, கவுண்டர்களில் வரிசை கலைந்து ஆட்கள் சாப்பிடப் போன பிறகுதான் அவளுக்கு வேலை தொடங்கும். மருத்துவமனையின் சர்வர் அறையில் ஒரே ஒரு லினக்ஸ் இயந்திரம். அதற்குள் ஆறு மெய்நிகர் கணினிகள், ஒரே வீட்டில் ஆறு குடித்தனம் போல ஓடிக்கொண்டிருந்தன. நான்காவதில்தான் ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் இருந்தன. அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுத்துவிட்டு நகலை ஓடவிட்டாள்.

ஒரே மாதத்தில் மூன்று முறை நகல் தவறினால் அவளுடைய வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. இந்த மாதம் ஏற்கனவே இரண்டு ஆகிவிட்டது. கணவன் வேலை பார்த்த பட்டறை மூடி நாலு மாதமாகிறது.

துடைப்பத்தோடு உள்ளே வந்த துப்புரவு அக்கா பிரிக்காத சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தாள். "ஏம்மா, சாப்பிடாம அந்தத் திரையையே முறைச்சிட்டிருக்க? ஓடியா போயிடும்?"

"ஓடிடும்க்கா. அதான் பயமே."

"அப்படி என்னதான் பண்ணுது அது?"

யாராவது கேட்டால் போதும், அவளுக்குப் பசி மறந்துவிடும். "பெரிய நோட்டு ஒண்ணுன்னு வெச்சுக்கங்க. நான் அதைப் பாத்து எழுதணும். ஆனா மத்தவங்க அதுல அழிச்சு அழிச்சு எழுதிட்டே இருக்காங்க. நிறுத்தச் சொல்ல முடியாது. அதனால ஒரு மணிக்கு ஒரு கோடு போட்டுடுவேன். அப்புறம் யாரு எந்தப் பக்கத்தை அழிச்சாலும், அழிக்கறதுக்கு முன்னாடி பழைய பக்கம் ஒரு சின்னப் பைக்குள்ள விழுந்துடும். மாறாத பக்கத்தை நோட்டுலேருந்து எடுப்பேன், மாறினதைப் பையிலேருந்து எடுப்பேன். ரெண்டையும் சேத்தா, ஒரு மணிக்கு நோட்டு எப்படி இருந்துச்சோ அப்படியே கெடைக்கும்."

"கெட்டிக்காரத்தனம்தான். பை நெறஞ்சு போச்சுன்னா?"

"மொத்தமும் செல்லாதுக்கா."

"பெரிய பையா வாங்க வேண்டியதுதானே?"

"புது டிஸ்க் வேணும்னு மூணு தடவை எழுதிக் குடுத்தாச்சு. நம்ம 'நாளைக்கு' சாரைக் கேளுங்க."

அக்கா சிரித்துவிட்டாள். கணினிப் பிரிவு மேலாளருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் அது.

திரையில் பை நாற்பத்துநாலு சதவீதம் காட்டியது. வழக்கமாக இந்நேரத்துக்குப் பன்னிரண்டைத் தாண்டாது. அவள் போனை எடுத்தாள்.

"சார், நாலாவது மெஷின்ல எதையாவது ஏத்துறீங்களா?"

"பழைய ரெக்கார்டு எல்லாம். மூணு மணிக்கு மேலதிகாரிங்களுக்குக் காட்டணும்."

"அரை மணி நேரம் நிறுத்துங்க சார். ஸ்னாப்ஷாட் நெறஞ்சுடும்."

"நிறுத்தினா முதல்லேருந்து ஓட்டணும்மா."

"எனக்கும் அப்படித்தானே சார்?"

"அதை நாளைக்குப் பாக்கலாம்."

போன் அடங்கியது. பை தொண்ணூற்று மூன்றைத் தொட்டது. டிஸ்க்கில் மிச்சமிருந்த இடம் இரண்டே ஜிபி. பத்து ஜிபி பையோடு அதையும் சேர்த்தாள். எண் எழுபத்தெட்டுக்கு இறங்கியது. நகல் எண்பத்தொன்று.

"ஏறுதா, எறங்குதா?" துடைப்பத்தைப் பிடித்தபடியே அக்கா கேட்டாள்.

"ரெண்டும் ஏறுதுக்கா."

நகல் தொண்ணூற்றாறில் இருந்தபோது பை நிரம்பியது. அடுத்த வரி, படிக்க முடியவில்லை என்றது. மணி இரண்டடிக்க ஐந்து நிமிடம். இரண்டுக்கு மேல் நகலெடுக்க அனுமதி கிடையாது. அக்கா டப்பாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மூன்றரைக்கு மேலாளர் அறையில், நகல் தவறியதற்கான படிவம் தயாராக இருந்தது. காரணம் என்ற இடத்தில், ஊழியரின் கவனக்குறைவு.

"சார், நான்தான் போன் பண்ணேனே."

"பண்ணே. இல்லேன்னு சொன்னேனா? ஆனா படிவத்துல மூணு காரணம்தான் இருக்கு. மின்தடை, இயந்திரக் கோளாறு, ஊழியர். கரண்டு போகலை. மெஷினும் நல்லாத்தான் ஓடுது. நான் என்ன பண்ண?"

கையெழுத்துப் போடக் குனிந்தாள். மேலாளரின் திரை அவர் கண் மட்டத்துக்கு உயர்ந்து நிற்பதற்காக, அதன் கீழே ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. ஒட்டிய நாடா பிரிக்கப்படவில்லை. பக்கவாட்டில் நான்கு டிபி டிஸ்க் என்ற அச்சு, அதன் கீழே பெறுநர் இடத்தில் சர்வர் அறை. விளிம்பில் தேநீர்க் கோப்பையின் வட்டக் கறைகள், ஒன்றின் மேல் ஒன்றாக.

"பாத்து, இடிச்சுடாதே," என்றார் அவர். "திரை ஆடும்."

அவள் படிவத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கையெழுத்திட்டாள்.