நான்கு டயருக்கு நான்கு பழம்

மனிதகுலம் நெருப்பைக் கண்டறிந்த நாளுக்குப் பிறகு அறிவு இவ்வளவு பெரிய அடி எடுத்து வைத்ததில்லை என்று, மலேசியாவில் சுங்காய்க்குப் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ‘அறிவியல் மூலை’ திறப்பு விழா அழைப்பிதழில் தலைமையாசிரியர் சதாசிவம் எழுதியிருந்தார். மூலை என்பது கேண்டீனுக்குப் பின்னால் போட்ட இரண்டு மேசைகள். ஒன்றுக்குக் கால் ஆடும்.

கால் ஆடாத மேசையில் ஐந்தாம் ஆண்டு மாணவி தினேஸ்வரியின் பேட்டரி இருந்தது. நான்கு எலுமிச்சம்பழம், ஒவ்வொன்றிலும் ஒரு துத்தநாக ஆணி, ஒரு செம்புக் கம்பி, கடைசியில் ஒரு சின்னக் கடிகாரம். மூன்று வாரம் மாற்றி மாற்றிக் குத்தி, நேற்றுத்தான் அதில் எண்கள் தெரிந்தன.

“கல்வி அதிகாரி முன்னால ஓடிச்சுன்னா ஈப்போ டவுன்ல நடக்குற அறிவியல் போட்டிக்கு உன் பேருதான்,” என்று புனிதா டீச்சர் சொல்லியிருந்தார். அதை நம்பி அம்மா கலாதேவி கையுறைத் தொழிற்சாலையில் அரைநாள் லீவு போட்டிருந்தாள்.

விழாவுக்கு முன், தலைமையாசிரியரின் புதுக் காருக்குப் பூசை. பூசாரி பழனியப்பன் தேங்காய் கொண்டுவந்தார், சூடம் கொண்டுவந்தார், டயருக்கு வைக்கும் பழத்தை மட்டும் மறந்துவிட்டார்.

தினேஸ்வரி வந்தபோது மேசையில் ஆணிகளும் கம்பிகளும்தான் கிடந்தன. பழங்கள் நான்கும் காருக்கடியில் நசுங்கியிருந்தன.

“டீச்சர், என் பேட்டரி...”

“சார் கேட்டா கொடுக்காம இருக்க முடியாதுலா. அழாத. வேற ஏற்பாடு பண்ணிட்டேன்.”

ஏற்பாடு இதுதான்: மேடை அலங்காரத் தட்டிலிருந்து நான்கு பிளாஸ்டிக் எலுமிச்சை. மேசைவிரிப்புக்கு அடியில், அலுவலகச் சுவர்க்கடிகாரத்திலிருந்து கழற்றிய கடைப் பேட்டரி ஒன்று.

“பொய்யில்லையா டீச்சர்?”

“நேத்து ஓடுச்சுல்ல? அதத்தான் காட்டுறோம். ஈப்போ போவணுமா வேணாமா?”

தினேஸ்வரிக்குப் போக வேண்டும்.

ஒன்பதரைக்குக் கல்வி அதிகாரி வந்தார். தலைமையாசிரியர் தம்மைப் பற்றி இருபது நிமிடமும் அறிவியலைப் பற்றி இரண்டு நிமிடமும் பேசினார். கடிகாரம் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். அதிகாரி மகிழ்ந்துபோய் ஒரு பழத்தை எடுத்து முகர்ந்தார். கம்பி கழன்றது. கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் பழத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு விரிப்பைத் தூக்கினார்.

“யாரு செஞ்சது?”

தினேஸ்வரி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் அதிகாரியைப் பார்த்தார்.

“இந்தப் பிள்ளதான் சார். ரொம்ப நம்பியிருந்தேன். இப்படி ஏமாத்தும்னு எனக்கே தெரியாது.”

“திங்கக்கெழம காலைல பள்ளிச் சபைகூடல்ல நேர்மையப் பத்தி நானே பேசுறேன் சார்,” என்றார் தலைமையாசிரியர்.

கடைசி வரிசையில் அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தினேஸ்வரி பின்னாலேயே ஓடினாள்.

“நான் வைக்கலம்மா.”

“பின்ன யாரு, டீச்சரா?”

அந்தக் கேள்விக்கு இருந்த ஒரே பதிலை அம்மா நம்பப்போவதில்லை. தினேஸ்வரி செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

ஈப்போ பட்டியலில் அவள் பெயர் அடிக்கப்பட்டது. அதிகாரி கிளம்பும்முன் அலுவலகத்துக்குப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டார். வந்த நேரத்தைப் பள்ளி வாசல் காவலர் ஏற்கெனவே 9.30 என்று எழுதிவைத்திருந்தார். புறப்பட்ட நேரத்தை அதிகாரியே சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தார்: 8.05.