ஆட்டுக்கல் குழியில் ஒரு கை மாவு

1

கிட்டே வாருங்கள் சாமிகளா. இன்னும் கொஞ்சம். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டித்தான் எனக்குப் பழக்கம்; தூரத்தில் உட்கார்ந்தால் பாதி உங்கள் காதில் விழாது. ஒரு கதை சொல்கிறேன். முடித்துத் தருவேன் என்று மட்டும் என்னிடம் சத்தியம் வாங்காதீர்கள்.

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஜலகண்டாபுரம் போயிருந்தேன். தறிக்காரர் தெருவின் சந்து முனையில் ஓர் ஆட்டுக்கல் சாய்ந்து கிடந்தது. குழவி இல்லை. குழிக்குள் மட்டும் நீலமாகக் கறை. கல் நல்ல கல். ஒரு விரிசல் கிடையாது. இருந்தும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக்கூட அதை யாரும் எடுத்துப் போகவில்லை. பக்கத்து வீட்டில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண்ணிடம், "ஏனுங்க, இது யாரூட்டுக் கல்லுங்க?" என்று கேட்டேன். அவள் ராட்டையை நிறுத்தவில்லை.

"அதெக் கேக்காதீங்க சாமி."

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது.

[மயில்துத்தம் என்கிற நீல உப்பின் நிறம் கல்லில் இத்தனை காலம் நிற்குமா? சாயம் போடுகிறவர் யாரையாவது கேட்டிருக்கலாம். நிற்காது என்று சொல்லிவிட்டால் கதை கையை விட்டுப் போய்விடுமே என்று கேட்கவில்லை.]

இதில் ஒரு குழந்தை வரும். பெயர் கமலவேணி. அவளுக்காகத்தான் நான் பயந்து பயந்து எழுதுகிறேன். நீங்களும் அவள்மேல் ஒரு கண் வைத்திருங்கள்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

*இரண்டாவது உலக யுத்தம் உச்சத்தில் இருந்த சமயத்தில், ஒரு நெசவாளர்*

அடித்துவிட்டேன். யுத்தம் என்றால் பீரங்கி நினைவுக்கு வரும். அந்தத் தெருவுக்குப் பீரங்கி வரவில்லை. நூல் வராமல் போனது, அதுதான் யுத்தம்.

அப்புறம் இப்படி:

*ஆட்டுக்கல்லைச் சுற்றும் பொடி ஈக்களை விரட்டச் சில வழிகள்.*

பத்திரிகையில் வரும் வீட்டுக் குறிப்பு மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். ஈயின் பின்னால் போனால்தான் இந்த வீட்டுக்குள் நுழைய முடியும்.

அண்ணன் சென்னிமலை, தம்பி குமாரசாமி. அடுத்தடுத்து இரண்டு வீடு, வீட்டுக்கு ஒரு குழித்தறி. பின்வாசல் மட்டும் பொது. அதில் ஒரே ஆட்டுக்கல். அண்ணன் பெண்டாட்டி முத்தாயம்மாள், அவள் மகள்தான் கமலவேணி. தம்பி பெண்டாட்டி சாரதாமணிக்குக் கைக்குழந்தை. ஒரு கல்லுக்கு இரண்டு ஓரகத்திகள் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மாமியார் பொன்னாயிக்கும் தெரிந்திருந்தது. சாகும்முன் அவள் ஒரு முறை கட்டிவைத்துவிட்டுப் போனாள்: யார் அரைத்தாலும் மாவை முழுக்க வழிக்கக் கூடாது, குழியில் ஒரு கை விட்டுவைக்க வேண்டும், அது அடுத்த வீட்டுக் குழந்தைக்கு. முகம் பார்த்துப் பேசாத நாளிலும் அந்த ஒரு கை மாவு தவறியதில்லை. கமலவேணி அதை ஒரு கிண்ணத்தில் வழித்துக்கொண்டு போவாள். அது ஒரு சின்ன தோசை ஆகும். விரலில் ஒட்டியது வாய்க்குப் போகும்.

மாவு நின்றால் புளிக்கும், புளித்தால் ஈ வரும். கண்ணுக்குள்ளும் மூக்குக்குள்ளும் போகிற பொடி ஈ. வேப்பிலையைப் போட்டுப் புகைத்தார்கள். கல்லில் சாம்பல் பூசினார்கள். கொட்டாங்குச்சியில் வெல்லத் தண்ணீர் வைத்துப் பார்த்தார்கள். அக்கம்பக்கத்து ஈக்களும் விருந்துக்கு வந்தன.

"ஏன் சாரதா, கல்லக் கழுவறதுக்குக் கை வலிக்குதா?" என்றாள் முத்தாயம்மாள்.

"நீங்க அரைக்கற உளுந்துக்குத்தானுங்க அக்கா வருது. எங்கூட்டு ராகிமாவுக்கு எந்த ஈ வரும்? அதுக்கும் ருசி தெரியுமுங்க."

கடைசியில் முத்தாயம்மாளுக்கு ஒரு யோசனை. நெசவு வீட்டுக்காரிக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி கெட்டுப் பூச்சி பிடிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை கலப்பார்கள். பாவைக் காக்கிறது கல்லைக் காக்காதா? ஒரு சாயங்காலம் குழியிலிருந்த புளித்த மாவில் துத்தத்தைக் கரைத்து வைத்தாள். விடிந்து பார்த்தால் கல்லைச் சுற்றி எள் கொட்டியதுபோல் ஈ செத்துக் கிடந்தது.

சாரதாமணி அதைப் பார்த்தாள். "கொழந்த கை போடற எடமுங்க அக்கா" என்றாள். முத்தாயம்மாளுக்கும் உறைத்தது. கல்லைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். இனி இல்லை என்றாள். மீதித் துத்தத்தைப் பொட்டலமாகக் கட்டி மாடத்தில் வைத்தாள்.

[ஏன் வைத்தாள்? சாக்கடையில் கொட்டியிருக்கலாமே? பாவுக்கு வேண்டும். தறி ஓடும் என்றுதானே எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.]

3

தறி ஓடவில்லை. நூல் கட்டுப்பாடு வந்தது, பிறகு நூலே இல்லாமல் போனது. கடைத்தெருவில் அரிசி கண்ணில் படவில்லை.

ஈயும் போய்விட்டது. ஈ விரட்டச் சில வழிகள் என்று எழுதினேனே, அதில் இதைச் சேர்க்க விட்டுப்போயிற்று: அரைக்காமல் இருப்பது. இதைப்போல் பலித்த வழி வேறில்லை. கல் காய்ந்து வெளுத்துக் கிடந்தது.

ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பட்டினி. ஆனால் ஒருத்திக்கு ஒருத்தி காட்டிக்கொள்ளவில்லை. முத்தாயம்மாள் வெறும் தண்ணீரை உலையேற்றி, புகை வெளியே தெரியட்டும் என்று ஈரச் சுள்ளியாகப் பார்த்து வைப்பாள். சுவருக்கு அப்பால் சாரதாமணியும் அதையே செய்தாள். இரண்டு கூரையிலும் புகை. அவளுக்கு இவள் சாப்பிடுகிறாள் என்று நினைப்பு, இவளுக்கு அவள்.

ஒரு நாள் நூல் கொடுக்கிறார்கள் என்று பேச்சு வந்து அண்ணனும் தம்பியும் சேலத்துக்கு நடந்தார்கள். உச்சி வெயில். முத்தாயம்மாள் பின்வாசலுக்கு வந்தாள்.

ஆட்டுக்கல்லின் மேல் ஈ சுற்றியது.

குழியில் பழுப்பாக ஏதோ மாவு. அப்படியென்றால் சாரதா அரைத்திருக்கிறாள். அரைக்க அவளிடம் ஏதோ இருந்திருக்கிறது. தன் மகள் உள்ளே சுருண்டு படுத்திருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் தின்றுவிட்டுக் கல்லைக்கூடக் கழுவவில்லை.

*முத்தாயம்மாள் சாரதாமணியின் கதவைத் தட்டி*

இல்லை. தட்டவைக்க நான் எவ்வளவோ பார்த்தேன். தட்டினால், என்ன அரைத்தாய் என்று கேட்க வேண்டும். கேட்டால், உனக்கு இல்லையா அக்கா என்று அவள் திருப்பிக் கேட்பாள். அதற்குப் பதில் சொல்வதைவிட முத்தாயம்மாளுக்குச் செத்துப்போவது எளிது. அவள் அந்தக் கதவைத் தாண்டித் தன் வீட்டுக்குள் போனாள். மாடத்திலிருந்து பொட்டலத்தை எடுத்து வந்தாள். "ஈக்கு மட்டும் படையல் வெச்சிருக்கறா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே துத்தத்தைக் குழியில் கொட்டி, குச்சியால் கிளறினாள். அதன்பின் போய் மகள் பக்கத்தில் படுத்தாள். பசி மயக்கத்தில் கண் செருகியது.

4

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வருகிறது. அந்த ஒரு கை மாவின் முறை அவளுக்கு மறந்தா போயிற்று? கொழந்த கை போடற எடம் என்று சாரதா சொன்னதைக் காதால் கேட்டவள்தானே?

முதல் தடவை எழுதியபோது அவளைக் கெட்டவளாக எழுதினேன். அப்படி எழுதினால் நீங்கள் அவளைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவீர்கள். அதனால் மாற்றினேன். கல் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தால் முறையும் காய்ந்துபோகும் என்று எழுதினேன். பசித்தவளுக்கு ஈ தெரியும், மாவு தெரியும், அது யாருக்காக இருக்கிறது என்பது தெரியாது. இதைத்தான் நான் நம்புகிறேன். உங்களை நம்பச் சொல்லவில்லை.

சாரதாமணி அரைத்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். புளியங்கொட்டை. மரத்தடியில் பொறுக்கியது. வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து, பால் கொடுக்கிற உடம்பு தாங்க வேண்டுமே என்று அரைத்தாள். அரைத்துவிட்டுப் பொன்னாயியின் முறைப்படி குழியில் ஒரு கை விட்டாள். குழந்தை முகம் சுளிக்குமே என்று, வீட்டில் கடைசியாக இருந்த கருப்பட்டித் துணுக்கை அதில் பொடித்துப் போட்டாள். ஈ வந்தது அதற்குத்தான்.

காலையில் கமலவேணியின் காதோடு சொல்லியும் வைத்திருந்தாள்: "வெயில் சாயட்டும் சாமி, கல்லுல உனக்கு வெச்சிருக்கறேன். அம்மாகிட்டச் சொல்லாத. அம்மா சங்கட்டப்படும்."

5

முடிவுகள்.

ஒன்று: குழந்தை வாயில் வைக்கிறாள், துத்தம் வயிற்றைப் புரட்டி எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடுகிறது. விஷம் தின்றவர்களுக்கு வைத்தியர்கள் வாந்தி எடுக்க வைக்க இதையே கொடுத்ததுண்டு என்று கேள்வி. பிழைக்கிறாள். இரண்டு பெண்களும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். எழுதிப் பார்த்தேன். ஆனால் குழந்தை வெறும் எலும்பு. வாந்தி எடுக்கவும் உடம்பில் தெம்பு வேண்டுமே சாமி.

இரண்டு: துத்தம் கசந்து, துப்பிவிடுகிறாள். கருப்பட்டி இருக்கிறதே. பசி இருக்கிறதே. துப்ப மாட்டாள்.

மூன்று: *அன்று சாயங்காலம் சென்னிமலை நூலோடு தெருவில் நுழையும்போதே, அழுகைச் சத்தம்*

மூன்றாவதை முழுவதும் எழுதினேன். கிழித்தும் விட்டேன். அது அப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்றியதால் கிழித்தேன்.

[அந்தக் கல் சந்தில் கிடப்பதை நான் மறக்கவில்லை. கல்லைத் தூக்கிப் போட்டதால் யாரோ செத்தார்கள் என்று ஆகிவிடாது. பயந்தும் தூக்கிப் போடலாம். இதை நான் எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.]

6

வெயில் சாய்கிறது. தாய் தூங்குகிறாள். சாரதாமணி சுவருக்கு அப்பால் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். கமலவேணி எழுந்து, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, அம்மா விழித்துவிடக் கூடாதே என்று காலை மெல்ல வைத்துப் பின்வாசலுக்கு வருகிறாள். கல்லைச் சுற்றிச் சில ஈ செத்துக் கிடக்கிறது. குழந்தை அதைப் பார்க்கவில்லை. குழியைத்தான் பார்க்கிறாள்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். என் கை இதற்குமேல் போகாது. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறேன். கதையில் அதற்கு வேறு வேலை கிடையாது. உங்களைக் கிட்டே வரச் சொன்னது இதற்குத்தான். நீங்கள் இப்போது என்னைவிட அவளுக்குக் கிட்டே நிற்கிறீர்கள். குழியில் ஊற்றி மாவைக் கழுவிவிடுவதானால் இப்போதே ஊற்ற வேண்டும். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். விரல்தான் முதலில் போகும்.

சரி சாமிகளா, வீட்டுக்குப் போங்கள். உங்கள் அடுப்புப் புகைக்குக் கீழே சோறு வேகட்டும். உங்கள் ஆட்டுக்கல் ஒரு நாளும் காயாமல் இருக்கட்டும். அதைச் சுற்றி எப்போதும் நாலு ஈ பறக்கட்டும். அதைத் துரத்தித் துரத்தி உங்கள் வீட்டுப் பெண்கள் சலித்துக்கொண்டே நூறு வயசு இருக்கட்டும்.