பார்க்காத இருபது நிமிடம்

2019 ஜூன் 13, வியாழக்கிழமை, காலை பத்தே முக்காலுக்குத் தம்பி தொலைபேசியில் அழைத்தபோது, வார இதழொன்றின் சிறார் பக்கத்துக்குப் பதினோரு ஆண்டுகளாகத் திரைவிமர்சனம் எழுதிவரும் அவள், அடுத்த விமர்சனத்தின் முதல் பத்தியை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, 'ஐந்து வயதுக்கு மேற்பட்டோர் அச்சமின்றிப் பார்க்கலாம்'னு நீ எழுதினத நம்பித்தான் பாப்பாவக் கூட்டிட்டுப் போனேன். கடைசியில அந்தத் தாய் முயல் செத்து விழுதே, அத ஏன் சொல்லல?"

தம்பியின் மனைவி இறந்து எழுபது நாள்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்து வந்ததிலிருந்து குழந்தை வாய் திறக்கவில்லை. தாயின் துணி அலமாரிக்குள் புகுந்துகொள்கிறாள், ஊட்டினால் துப்புகிறாள்.

சொல்லாததற்குக் காரணம், அவளே அந்த முடிவைப் பார்க்கவில்லை என்பதுதான். விமர்சகர்களுக்கான காட்சிகள் ஒரே நாளில் மூன்றுகூட அமையும். கடைசி இருபது நிமிடத்தை விட்டுவிட்டு அடுத்த அரங்குக்கு ஓடுவதும், மிச்சத்தை வாயிற்காவலரிடம் கேட்டுக்கொள்வதும் இரண்டு ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டிருந்தன. "குழந்தைங்க படந்தானே மேடம், எல்லாம் சுபம்தான்" என்று அவர் இந்தப் படத்தன்றும் சிரித்தார்.

அவள் இதழாசிரியரின் அறைக்குப் போனாள்.

"படத்த முழுசாப் பாக்காம எழுதிட்டேன்னு நான் மன்னிப்புப் போடணும் சார்."

"உங்களுக்கு என்ன, புத்தி பேதலிச்சுப் போச்சா? பதினோரு வருஷமா எழுதினத இனிமே எவன் நம்புவான்? 'இறுதிக் காட்சி சற்றே உருக்கமானது'ன்னு ஒரு வரி போட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருங்க."

பிற்பகலில் தம்பி வீட்டு அலமாரியின் முன் தரையில் உட்கார்ந்தாள். கதவு விரலளவு திறந்திருந்தது. உள்ளே மூச்சு மட்டும் கேட்டது.

"அத்தை அந்தப் படத்த முழுசாப் பாக்கலடா கண்ணு. பாத்திருந்தா உன்னப் போகவே விட்டிருக்க மாட்டேன்."

உள்ளிருந்து குரல் வந்தது.

"நாங்களும் முழுசாப் பாக்கல. நான் அழுதேன்னு அப்பா தூக்கிட்டு வந்துட்டாரு. அதுக்கப்புறம் அது எழுந்துச்சா அத்தை?"

அது அவளுக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்குச் சீட்டு வாங்கிப் போனவள், பெயர்களெல்லாம் ஓடி முடிந்து, துப்புரவுப் பணியாளர் வந்து நிற்கும்வரை இருக்கையை விட்டு எழவில்லை. தாய் முயல் எழவில்லை. குட்டி மட்டும் பனியில் நெடுந்தூரம் நடந்தது.

அன்று மாலை இதழாசிரியரின் அறையிலிருந்து அவள் வெளியே வந்தபோது முடிவாகியிருந்தவை இவை: மன்னிப்புக் குறிப்பு ஒரு சொல்லும் குறையாமல் வெளிவரும், அதற்கு ஈடாகச் சிறார் பக்கத்தை அவள் விட்டுக்கொடுப்பாள், முயல் எழவில்லை என்பதைச் சனிக்கிழமை காலையில் குழந்தையிடம் அவளே சொல்வாள், அலமாரிக் கதவைத் திறக்கச் சொல்லாமல்.