ஆள் இருந்தால் எரியும் விளக்கு

ஈப்போவில் அந்தக் கோண்டோ அடுக்குமாடிக்குப் பசுமைக் கட்டடச் சான்றிதழ் உண்டு. அதைப் பளிங்கில் செதுக்கி நுழைவாயிலில் பதித்திருந்தார்கள். தினேஸ்வரியின் அண்ணன் யுகேந்திரன் சிங்கப்பூரில் சம்பாதித்து இந்தக் கோண்டோவில் ஒரு வீடு வாங்கினான். அவனுக்கு வேலை சிங்கப்பூரிலேயே என்பதால், அப்பாவும் அம்மாவும் தினேஸ்வரியும்தான் குடிவந்தார்கள்.

அம்மா கருப்பம்மாளுக்கு முதலில் எல்லாம் பிடித்திருந்தது. காற்று குறுக்கே ஓடும்படி இரண்டு பக்கமும் ஜன்னல். பகலில் ஏர்கோன் தேவைப்படவில்லை. சிக்கனத்துக்காகக் குழாயில் மட்டும் தண்ணீர் நூலாக வந்தது.

"பணக்காரன் வீட்டுலதான் தண்ணிக்குப் பஞ்சம் போல," என்று சிரித்தாள்.

விளக்குதான் பிரச்சினையானது. அறைகளில் சுவிட்ச் இல்லை. கூரையில் சின்னதாக ஒரு வெள்ளை வட்டம் இருந்தது. அறையில் யாராவது அசைந்தால் விளக்கு எரியும். பத்து நிமிடம் அசைவு இல்லாவிட்டால் தானாக அணைந்துவிடும்.

அப்பா சின்னையா பக்கவாதத்தில் படுத்திருந்தார். பேச்சு போய்விட்டது. இடது கையை மட்டும் கொஞ்சம் தூக்குவார்.

முதல் நாள் விளக்கு அணைந்தபோது அம்மா பதறிப்போய் அவர் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. ரூம்ல ஆளு இல்லன்னு நெனச்சிக்கிச்சு," என்றாள் தினேஸ்வரி.

"ஆளு இல்லையா? அப்ப இங்க படுத்திருக்கறது யாரு? ரொம்ப சுசா லா இந்த வீட்டோட, ஒரே கஷ்டம்."

கட்டடங்களுக்குப் பசுமைப் புள்ளி கணக்கிடும் சிறிய நிறுவனம் ஒன்றில்தான் தினேஸ்வரிக்கு வேலை. மின்சாரம் மிச்சமாவதால் இந்த விளக்குக்கும் புள்ளி உண்டு என்று அவளுக்குத் தெரியும். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. நிர்வாக அலுவலகத்தில் கேட்டபோது, அந்த அறைக்கு மட்டும் சுவிட்ச் வைத்துத் தருவதாகச் சொன்னார்கள்.

அதற்குள் அம்மா வேறு வழி கண்டுபிடித்திருந்தாள்.

அவளும் அப்பாவும் பீடோர் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் மரம் சீவியவர்கள். விடியுமுன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, வரிசையில் நிற்க வேண்டும். எஸ்டேட் கணக்கர் கிராணி பெயர் வாசிப்பார். கை தூக்காதவனுக்கு, வரவில்லை என்று மட்டம் போட்டுவிடுவார். அன்றைக்குச் சம்பளம் இல்லை.

விளக்கு அணைந்தால் அம்மா குரல் கொடுப்பாள். "யோவ், பெரட்டுல பேரு கூப்புடுறான்யா. கையத் தூக்கு. மட்டம் போட்டுருவான்."

அப்பா இடது கையைத் தூக்குவார். விளக்கு எரியும். அவர் வாயின் ஒரு பக்கம் சிரிக்கும்.

"பாரு தினேசு, எஸ்டேட்ல ஒரு நாளாச்சும் நேரத்துக்கு வந்திருக்காரா? இங்க மட்டும் மொத ஆளு."

அறைக் கதவின் மேல் ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. அடுப்படியில் நின்றாலும் அதில் வெளிச்சம் தெரியும். வெளிச்சம் இருந்தால் அப்பா அசைகிறார். இருண்டால் ஒரு சத்தம் போட வேண்டும். கை தூக்கவில்லையென்றால் ஓட வேண்டும். சுவிட்ச் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"எனக்கு அது தொணை. இருக்கட்டும்."

எதற்கு அந்தக் காவல் என்று தினேஸ்வரிக்குத் தெரியும். நோய்த்தொற்றுக் காலத்தில் பெரியப்பா இராமசாமி மருத்துவமனையில் தனியாகச் செத்தார். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட ஆள் இல்லை. பேச்சு இருந்தவரை அப்பா அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்கு அப்படி ஆயிடக் கூடாது புள்ள. ஒரு வாய் தண்ணி ஓங் கையால." அம்மா கட்டில் பக்கத்தில் ஒரு பித்தளை டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தாள். தினமும் காலையில் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவாள்.

அந்தச் சனிக்கிழமை தினேஸ்வரி வேலை விஷயமாகப் பக்கத்து ஊரான லகாட்டுக்குப் போயிருந்தாள். மதியத்திலிருந்தே மழை. திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அம்மா கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா?"

"இன்னிக்கு நல்லாருக்காரு லா. மத்தியானம் ஊட்டிட்டு வந்ததுலேருந்து ஒரு தடவகூட வெளக்கு அணையல. கைய ஆட்டிக்கிட்டே இருக்காரு போல. நீ போய்ப் பேசிக்கிட்டிரு, கஞ்சி எடுத்துட்டு வாரேன்."

தினேஸ்வரி கதவைத் திறந்தாள். அறை நல்ல வெளிச்சமாக இருந்தது. அப்பாவின் கண்கள் பாதி திறந்திருந்தன. அவள் கூப்பிட்டாள். இடது கையைத் தொட்டாள். அது குளிர்ந்து, விரல்கள் விறைத்திருந்தன.

ஜன்னல் திரைக் கம்பியில் அப்பாவின் கைலி தொங்கிக்கொண்டிருந்தது. பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்பது கட்டடத்தின் விதி. பின்பக்கம் துணி காயும் இடத்தில் மழைச்சாரல். அதனால் அம்மா அங்கே போட்டிருக்கிறாள். குறுக்கே ஓடிய காற்றில் கைலி மெதுவாக ஆடியது.

கூரையிலிருந்த கருவி உடற்சூட்டைப் பார்க்கும் வகை இல்லை. காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும். திரும்பி வருவதில் மாறுதல் தெரிந்தால் ஆள் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். ஆடுவது கையா கைலியா என்று அதற்குத் தெரியாது.

அம்மா கஞ்சியோடு வந்தாள். தினேஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள். கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு டம்ளரை எடுத்தாள். கஞ்சிக் கரண்டியில் தண்ணீர் எடுத்து அப்பாவின் வாயில் விட்டாள். தண்ணீர் கடைவாய் வழியாக வழிந்து தலையணையில் இறங்கியது. இன்னொரு கரண்டி விட்டாள். அதுவும் உள்ளே இறங்கவில்லை.

"இப்பத்தான் போயிருக்காரு. இல்ல? வெளக்கு எரியுதே."

தினேஸ்வரி தலையணையில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள்.

"சொல்லு புள்ள. இப்பத்தானே?"

"ஆமாம்மா."

அம்மா அப்பாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "மழக் காத்து. அதான் கை சில்லுன்னு இருக்கு," என்றாள்.

தினேஸ்வரி ஜன்னலைச் சாத்தினாள். கைலியை உருவி மடித்தாள். அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன் உடனே கிளம்புவதாகச் சொன்னான். அழுதானா என்று தெரியவில்லை. பிறகு அவள் கைலியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள். வெளியே மழை விட்டிருந்தது. இருவரும் அசையவில்லை.

விளக்கு அணைந்தது.

"யோவ், கையத்..." என்று அம்மா தொடங்கினாள். நிறுத்திக்கொண்டாள்.

தினேஸ்வரி கையைத் தூக்கினாள். வெளிச்சம் வந்தபோது அம்மா சாத்திய ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெறும் கம்பியைப் பார்த்தாள். பிறகு தினேஸ்வரியின் மடியிலிருந்த கைலியை.

கையை நீட்டி அதை வாங்கினாள். ஓரத்தை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"மழ ஆரம்பிச்சப்ப போட்டேன். சொட்டச் சொட்ட ஈரம்," என்றாள். "நல்லாக் காஞ்சிருச்சு."

அவள் அழவில்லை. கைலியை விரித்து அப்பாவின் மேல் போர்த்தி, மார்பருகே இழுத்துச் சரிசெய்தாள். மறுபடி இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மறுபடி விளக்கு அணைந்தது. இந்த முறை யாரும் கை தூக்கவில்லை.

இருட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அந்த ஆபீஸ்காரங்கிட்ட சொல்லு. சுவிட்சு வச்சிக் குடுக்கட்டும்."

"சரிம்மா."

"நான் போயி குத்துவெளக்கு எடுத்துட்டு வாரேன்."

அவள் எழுந்ததும் விளக்கு எரிந்தது.