எண்ணெய் படாத சோமாசி

பல்லடம் சாலையில் இருந்த ஆறுமுகசாமி முதலாளியின் பனியன் கம்பெனியில் காலை பதினோரு மணிக்குத் தேநீர் மணி அடித்தால், அங்கே வேலை பார்த்த எண்பத்தாறு பேரும் முதலில் தேடுவது தேநீர்க் கேனை அன்று. அதற்குப் பின்னால் அலுமினியத் தூக்கைச் சுமந்துகொண்டு வரும் பாண்டியம்மாளைத்தான். அவள் கொண்டுவருவது பழச் சோமாசி. பூவன் பழத்தை வெல்லப் பாகில் இறுகக் கிளறி, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, மைதா மாவுக்குள் வைத்து, பிறை போல மடித்து, எண்ணெயில் பொரித்தெடுப்பாள். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கணவன் சந்தனத்தோடு பிழைக்க வந்தவள், முதலில் அதே கம்பெனியில் பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அப்போது அவள் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. ஒருநாள் சாப்பாட்டுப் பெட்டியில் நான்கு சோமாசி கொண்டுபோனாள். அன்றிலிருந்து அவள் எல்லாருக்கும் ‘சோமாசி அக்கா’ ஆகிவிட்டாள். ஊர் விட்டு ஊர் வந்தவளுக்கு அந்தப் பெயர் ஒரு சொந்த வீடு கிடைத்தது போல.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு ஆவணி மாதத்தில் அந்த வீட்டுக்கு ஆபத்து வந்தது. வெளிநாட்டுக்குப் போன வெள்ளைப் பனியன்களில் ஒரு பெட்டி அப்படியே திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால், மேலே இருந்த பனியனின் நடுநெஞ்சில் பழுப்பு நிறத்தில் ஒரு விரல் ரேகை. எண்ணெய்க் கறை. முதலாளி அந்தப் பனியனை அறிவிப்புப் பலகையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டு, பாண்டியம்மாளை அழைத்தார்.

“அம்மிணி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சோமாசிக்கு நானே அடிமைதானுங்க. ஊட்டுல மக மாசமா இருக்குது, அதுக்குத் தெனமும் ரெண்டு பொட்டலம் கட்டிக் கொண்டு போறவன் நான். ஆனாலுமுங்க, இந்த வெரலு யாரு வெரலுன்னு நான் எங்கீன்னு போய்த் தேடறது? இனிமே எண்ணெப் பலகாரம் கேட்டுக்குள்ள வரக்கூடாதுங்க. எண்ணெ இல்லாம ஏதாச்சும் முடியுமுங்களா?”

“முடியுங்கய்யா” என்று சொல்லிவிட்டாள். எப்படி முடியும் என்பது அந்த நொடியில் அவளுக்கே தெரியாது.

வழி காட்டியவர் நல்லூர் முக்கில் பேக்கரி வைத்திருந்த மீரா சாகிப். விடியற்காலையில் பன்னும் ரொட்டியும் வெந்து வெளியே வந்த பிறகு அரை மணி நேரம் அவருடைய செங்கல் அடுப்பில் சூடு சும்மாதான் இருக்கும் என்றும், தட்டுகளை அந்த நேரத்தில் உள்ளே தள்ளிக்கொள்ளலாம் என்றும் மனமுவந்து சொன்னார். “மேல பால் தடவுங்க தங்கச்சி, நிறம் வரும். ரெண்டு கீறல் போடுங்க. இல்லாட்டி ஆவி முட்டி வெடிச்சிரும்” என்று பக்குவமும் சொல்லிக் கொடுத்தார். சந்தனம் ஒரு பிரிண்டிங் பட்டறையில் வேலை செய்தான். பனியன்களின் நெஞ்சில் பொம்மையும் எழுத்தும் அச்சடிக்கும் பட்டறை அது. பேக்கரியைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும் என்பதால், தட்டுகளைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்கிவரும் பொறுப்பை அவனே ஏற்றுக்கொண்டான்.

முதல் நாள் பதினோரு மணிக்கு, எல்லார் முன்னிலையிலும் முதலாளி ஒரு சோமாசியைத் தின்று முடித்தார். பிறகு கட்டிங் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டுத் துணியை எடுத்து ஐந்து விரல்களையும் அழுந்தத் துடைத்தார். துணியைக் குழல் விளக்குக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். துணி வெளுத்து வந்தபோது இருந்த வெள்ளையாகவே இருந்தது.

“அக்கா, பொரிச்சதைத் தின்னா மத்தியானம் வரைக்கும் நெஞ்சு கரிக்கும். இது பஞ்சாட்டம் எறங்குது” என்றாள் ஓவர்லாக் தைக்கும் நூர்ஜான், வீட்டுப் பிள்ளைக்கு இரண்டைத் தாளில் சுற்றியபடி.

கட்டிங் மாஸ்டர் கியாசுதீன் மட்டும் சோமாசியை மூக்கருகே கொண்டுபோனார். “புதுப் பனியன் பொட்டலத்தைப் பிரிச்சாப்ல ஒரு வாசம் வருதே?”

“மாஸ்டருக்குப் பிரியாணியை வெச்சாலும் பனியன் வாசம்தான் வரும்!” என்று நூர்ஜான் சொல்ல, கூடமே சிரித்தது. அந்த ஊரில் கதவும் தலையணையும்கூட அந்த வாசம் அடிக்கும் என்பதால், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாண்டியம்மாள் அன்று வீட்டுக்கு வந்து சந்தனத்தின் தோளில் சாய்ந்து, இப்படி ஒரு பாராட்டைப் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை என்று அழுதாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, “தூங்கு புள்ள” என்று மட்டும் சொன்னான்.

ஒன்பது நாள்கள் இப்படியே போயின. பத்தாம் நாள் முதலாளியின் மகளுக்கு வளைகாப்பு. கம்பெனிக்கு அடுத்த தெருவில் இருந்த அவர்கள் வீட்டுக்குக் காலை ஒன்பது மணிக்குள் இருநூறு சோமாசி வேண்டும் என்று முதலாளி அவர்களே நேரில் வந்து கேட்டுக்கொண்டார். வழக்கம்போலச் சந்தனம் இருட்டோடு தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அத்தனையையும் சைக்கிளில் கொண்டுவந்தால் நொறுங்கிவிடுமே என்று நினைத்த பாண்டியம்மாள், இரண்டு அட்டைப் பெட்டிகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஏழரை மணிக்குப் பேக்கரிக்கு நடந்தாள்.

பேக்கரியின் பின்கட்டில் அடுப்பைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் செங்கல் குவியலும், அதன்மேல் தார்ப்பாயும்தான் இருந்தன; பக்கத்தில் ஒரு கொத்தனார் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க தங்கச்சி” என்றார் மீரா சாகிப். “அன்னிக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போனீங்க. நல்லவேளை வரலை. மறுநா காலையிலயே அடுப்புக் கூரை சரிஞ்சு உள்ள விழுந்திருச்சு. இன்னியோட பத்து நாளாச்சு. அல்லா காவல், ஆளுக்கு ஒண்ணும் ஆகலை.”

“பத்து நாளா?” என்றாள். “எங்க வீட்டுக்காரரு தெனமும் தட்டுக் கொண்டாந்தாரே?”

“மொத நாள் ஒருதரம் வந்து எட்டிப் பாத்தாரு. அடுப்பே இல்லியேப்பான்னேன். தட்டோட போயிட்டாரு.”

பாண்டியம்மாளின் இடுப்பிலிருந்து ஒரு பெட்டி நழுவி விழுந்தது. அதை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அடுப்பு இல்லை. ஆனால் தினமும் சோமாசி வெந்து வந்தது. ஒரு பக்கம் கருகாமல், ஒரு பக்கம் வேகாமல் போகாமல், அளந்து வைத்தாற்போல ஒரே நிறத்தில் வந்தது. அப்படியானால் எங்கே வெந்தது? கால்கள் அவளைக் கேட்காமலே சந்தனத்தின் பட்டறை இருந்த சந்துக்குள் ஓடின.

காலையில் பட்டறையைத் திறப்பவன் சந்தனம்தான்; மற்ற ஆள்கள் இன்னும் வரவில்லை. உள்ளே கியூரிங் மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அச்சடித்த பனியன்களின் மேல் இருக்கும் சாயப் பசையைச் சூட்டில் காய வைக்கும் நீளமான இயந்திரம் அது. ஒரு முனையில் பெல்ட்டில் வைத்தால், செக்கச் சிவந்த கம்பிகளுக்குக் கீழே ஊர்ந்து, மறுமுனையில் வெளியே வரும். அவள் நின்றது மறுமுனையில். முதலில் மஞ்சள் கரடி பொம்மை போட்ட ஒரு பனியன் புகைந்துகொண்டே வந்தது. அடுத்து இன்னொரு கரடி. அதற்கு அடுத்தாற்போல, அவள் அதிகாலையில் தன் கையால் மடித்துக் கீறல் போட்ட இருபத்தைந்து சோமாசிகள், தகரத் தட்டில் வரிசை குலையாமல் வந்தன.

அவள் குனிந்து தட்டை முகர்ந்தாள். புதுப் பனியன் வாசம்.

தட்டை எடுக்க இந்த முனைக்கு வந்த சந்தனம் அவளைக் கண்டு அப்படியே நின்றான். “புள்ள... நீ எதுக்கு இங்க வந்த?”

“எத்தனை நாளா?”

“கேளு புள்ள. மொத நாளு போனா, பேக்கரி அடுப்பு சரிஞ்சு கெடக்கு. பதினோரு மணிக்கு உனக்குச் சோதனை. வெறுங்கையோட திரும்பி வந்தா நீ என்ன ஆவ? அதுவும் சூடுதான், இதுவும் சூடுதானேன்னு உள்ள விட்டேன். எட்டுத் தரம் ஓட விட்டதும் தங்கம் கணக்கா வந்துச்சு.”

“அப்பறமாச்சும் சொல்லிருக்கலாம்ல?”

“நீ அன்னிக்கு அழுத அழுகைக்கு அப்பறம் எப்பிடிச் சொல்லச் சொல்ற?”

சுவரோரம் சாயப் பசை டின்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு டின்னிலும் ஒரு கோப்பையும் கரண்டியும் வரைந்து, குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருந்தது. படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று போட்ட படம். இத்தனை வருஷமாகச் சந்தனம் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

“இந்தப் பசைய வழிச்சு நாக்குல வைப்பீகளா?” என்றாள் பாண்டியம்மாள்.

“எனக்கென்ன கிறுக்கா?”

“இது காயுற புகைக்குள்ளதான வெந்திருக்கு? எண்பத்தாறு பேரு தின்னுருக்காக. நூர்ஜான் மகனுக்கு மூணு வயசு. முதலாளி மக...” டின்னின் சிவப்புக் கோட்டைக் கையால் காட்டினாள். “வயித்துல புள்ளையோட தின்னுருக்கு.”

சந்தனத்தின் முகம் அப்போதுதான் வெளுத்தது. அதுவரை அவன் இதைச் சோமாசியாகவே நினைத்திருந்தான்; தின்றவர்களை நினைத்துப் பார்க்கவில்லை போலும். “நானும் தெனம் ரெண்டு தின்னேன் புள்ள” என்றான், ஏதோ அது போதும் என்பது போல.

இருநூறையும் கொட்டிப் புதைக்கச் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வளைகாப்பு வீட்டுக்குப் போனாள். வாசலில் பந்தல். உள்ளே முதலாளியின் மகள் முழங்கை வரை கண்ணாடி வளையலோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். பாண்டியம்மாளைக் கண்டதும், “அக்கா, சோமாசி எங்கீங்க?” என்று சிரித்தாள். பாண்டியம்மாளால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. முதலாளியைக் கார் நிறுத்தும் கொட்டகைக்குத் தனியே அழைத்து, அடுப்பு இடிந்ததிலிருந்து கரடி பொம்மை வரை ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

அவர் முப்பது வருஷம் பனியன் தொழிலில் இருந்தவர். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

“கியூரிங் மிஷின்லீங்களா?” என்றார். மறுபடியும், “கியூரிங் மிஷின்லயா?” என்றார். பிறகு உள்ளே போய் டாக்டரம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்தபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. உடனே பயப்பட வேண்டாம் என்றும், சாயங்காலமே கூட்டிவந்து காட்டும்படியும், இனி ஒன்றுகூடத் தொட வேண்டாம் என்றும் டாக்டரம்மா சொன்னார்களாம்.

“இப்பத்தானுங்களே உங்களுக்கே தெரிஞ்சுது? ஒளிக்காம வந்து சொன்னீங்க. பெரிய மனசுங்க” என்றார். “கம்பெனியில யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?”

“இன்னும் இல்லீங்கய்யா. பதினோரு மணிக்குத்தான் போய்...”

“சொல்ல வேண்டாமுங்க.”

அன்று காலையிலிருந்து எத்தனையோ அதிர்ச்சிகளைத் தாங்கிய பாண்டியம்மாளுக்கு இதுதான் புரியவே இல்லை.

“நாளானிக்குச் சரக்கு கப்பலேறோணுமுங்க. இதக் கேட்டா எண்பத்தாறு பேரும் வயித்தப் புடிச்சிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே? பேக்கரி அடுப்பக் கட்டி முடிக்கட்டும். அங்கியே சுட்டு, எப்பவும் போலக் கொண்டாங்க. உங்க எடம் எங்கயும் போகாதுங்க அம்மிணி. நான் பொறுப்பு.”

இதைவிட மரியாதையாக யாரும் அவளிடம் பேசியதில்லை. அவளுடைய இடம் அவளுக்கே இருந்தது. பதினோரு மணி இருந்தது, அந்தப் பெயர் இருந்தது. அவள் ஒருத்தி வாயை மூடினால் போதும்.

“அய்யா, தப்பா நெனைக்கக் கூடாது” என்றாள். “உங்க பாப்பாவ டாக்டரம்மாகிட்டக் காமிக்கிறீக. நூர்ஜான் மகனை யாரு காமிப்பா?”

முதலாளி செருப்பின் நுனியால் தரையில் கிடந்த ஒரு பூவை ஒதுக்கினார். “நான் நல்ல விதமாத்தானுங்க சொல்றேன்” என்று மட்டும் சொன்னார்.

அவள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

கம்பெனி வாசலை அடைவதற்கும் தேநீர் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. கேட் பூட்டியிருந்தது. காவலாளி சென்னிமலை கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று தலையைச் சொறிந்தார். “உங்கள விட வேண்டாமுன்னு இப்பத்தானுங்க போன் வந்துது. என்ன ஏதுன்னு எனக்குத் தெரியாதுங்க அக்கா.”

உள்ளே ஆட்கள் முற்றத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். “என்னக்கா, இன்னிக்குக் கை வீசிட்டு வர்றீங்க?” என்று நூர்ஜான் கேட் அருகே வந்தாள்.

பாண்டியம்மாள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஒன்பது நாளும் சோமாசி வெந்தது எந்த மிஷினில் என்று சொன்னாள். தனக்குத் தெரிந்தது இன்று காலையில்தான் என்றும், தெரியாமல் இருந்ததும் தன் குற்றமே என்றும், பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்கள் தயவுசெய்து இன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்றும் சொன்னாள்.

“அப்பிடின்னா இனிமே என் வயித்துல எத்தன தொவச்சாலும் சாயம் போகாது” என்று கியாசுதீன் சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். ஒரு ஆள் கையிலிருந்த தேநீரை மண்ணில் ஊற்றினான். நூர்ஜான் வாயைப் பொத்தியபடி பின்னால் நகர்ந்தாள். “தெனம் ரெண்டு கொண்டு போனேனே அக்கா” என்றாள். அந்த ‘அக்கா’வில் இருந்தது கோபமா, பயமா என்று பாண்டியம்மாளுக்குத் தெரியவில்லை. அதற்குள் நூர்ஜான் செருப்பைக்கூடத் தேடாமல் கேட்டைத் திறக்கச் சொல்லிச் சென்னிமலையை உலுக்கிக்கொண்டிருந்தாள்.

மாடியில் செக்கிங் பிரிவின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தலைகள் எட்டிப் பார்த்தன.

“ஏனுங்க அக்கா, இங்க ஒண்ணுமே கேக்கலீங்க! என்னன்னு சொன்னீங்க?”

பாண்டியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தலையை நிமிர்த்தி, அவர்களுக்கும் கேட்கும்படி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.