குட்டிச்சுவர்

சாவிக்காரரின் குதிரை சினையானபோது வயிறு பெருத்தது குதிரைக்கு அல்ல, வீட்டுக்கு. லாயத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருந்த சுவர், கோடை தொடங்கியதும் படுக்கையறைப் பக்கமாகப் பிதுங்க ஆரம்பித்தது. வெயிலுக்கு வீங்கியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். உள்ளே ஏதோ புரளும் சத்தம் கேட்டதும் எலி என்றார்கள். ஒருநாள் காலை சுவர் உதைத்ததில் சாவிக்காரர் கட்டிலிலிருந்து கீழே விழுந்தார். அவர் மனைவி பஸ் கண்டக்டர். திடீர்க் குலுக்கல்களுக்குப் பழகியவர். சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது எலி இல்லைங்க" என்றார்.

சாவிக்காரருக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. யாரோ ஒருவர் லாயத்துக்கென்று பூசணிக்காய் அளவில் ஒரு பூட்டு செய்யச் சொல்லிவிட்டு, வாங்க வரவேயில்லை. நல்ல பூட்டு சும்மா கிடக்கிறதே என்று வீட்டுக்குப் பின்னால் ஒரு லாயம் கட்டினார். காலி லாயத்தைப் பூட்டுவது பூட்டுக்கு அவமானம் என்று ஒரு குதிரை வாங்கினார். மெலிந்த பெண் குதிரை. வந்த நாள் முதல் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு எதையோ யோசித்தபடியே நிற்கும். சில மாதங்களாக இரண்டு குதிரைக்கான புல்லைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு சுற்றுகூடப் பெருக்கவில்லை.

கால்நடை டாக்டரம்மா வந்தார். குதிரையின் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு சுவரில் வைத்து நெடுநேரம் கேட்டார். குதிரை நன்றாக இருக்கிறது, குட்டி சுவரில் இருக்கிறது என்றார். சினையான குதிரையைத்தான் விற்றிருக்கிறார்கள். இதற்குமேல் அலைச்சலோ அதிர்ச்சியோ கூடாது. குதிரைக்கா சுவருக்கா என்று சாவிக்காரர் கேட்டதற்கு, இரண்டுக்கும்தான் என்று சொல்லி ஒரு சத்து டானிக் எழுதிக்கொடுத்தார்.

சேதி கண்டக்டரின் அண்ணனுக்குப் போனது. அவர் கொத்தனார், அந்த வீட்டைக் கட்டியவரே அவர்தான். தான் கட்டிய சுவர் நூல் பிடித்தாற்போல நிற்கும் என்று கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன். வந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. "என் சுவர் இப்படிக் குட்டிச்சுவரா போச்சே!" என்று தலையில் கை வைத்தார். யாரும் மறுக்கவில்லை. இடித்துவிட்டு ஒரே நாளில் புதிதாக எழுப்பித் தருகிறேன் என்று சம்மட்டியை எடுத்தார். தங்கை சுவரை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"இடிச்சா குட்டி போயிடும்ணே."

"நான் என் கையால வச்ச செங்கல்லும்மா. அதுல ஏது குட்டி?"

அப்போது சுவர் உதைத்தது. உதைத்த வேகத்தில் தங்கை அண்ணனின் தோளில் வந்து விழுந்தார். கொத்தனார் சம்மட்டியைக் கீழே வைத்தார். சுவரில் காதை வைத்தார். வைத்த காதை வெகுநேரம் எடுக்கவேயில்லை. மறுநாள் ஒரு குறடோடு வந்து, குட்டிக்குக் குத்திவிடும் என்று சுவரில் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக உருவினார். அதற்கப்புறம் தினமும் வந்து கரணையால் சுவருக்கு எண்ணெய் தடவிவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

வீட்டில் எல்லாம் மாறிப்போயிற்று. கட்டில் கூடத்துக்கு வந்தது. படுக்கையறைத் தரை முழுக்க வைக்கோல். வாளி, பழைய துண்டுகள், தொப்புளில் தடவ மருந்து. பக்கத்து வீட்டார் எத்தனை மாசம் என்று ஜன்னல் வழியாக விசாரித்தார்கள். சாவிக்காரர் படுக்கையறைக் கதவின் கீலுக்குக்கூட எண்ணெய் விட்டார். அவருடைய கவலை வேறு. குட்டி பிறந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று தாயிடம் சீம்பால் குடித்தாக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தாயோ சுவருக்கு அந்தப் பக்கம். தன் வயிற்றில் வளராத குட்டியைத் தன்னுடையது என்று அது எப்படி ஒத்துக்கொள்ளும்?

கண்டக்டர் சீருடை போட்டுக்கொண்டு மதிய டூட்டிக்குக் கிளம்பியபோது வலி வந்துவிட்டது. ஓடுகள் கடகடவென்று ஆடின, உத்தரம் முனகியது. கொத்தனார் ஓடிப்போய் உத்தரத்துக்குத் தோள் கொடுத்து நின்றார். பூச்சு விரிந்து இரண்டு முன்னங்கால்கள் வந்தன, பிறகு மூக்கு. அதோடு நின்றுவிட்டது. டாக்டரம்மா இழுத்தார், சாவிக்காரர் டாக்டரம்மாவை இழுத்தார். "சீக்கிரம் ஆகட்டும் மாப்பிள்ளை, தோள் போகுது!" என்று கொத்தனார் கத்தினார். கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார்.

"முன்னாடி வா, முன்னாடி வா! படியிலயே நிக்காத! இறங்கு, இறங்கு!"

குட்டி இறங்கியது. சுண்ணாம்புத் தூளோடு வைக்கோலில் வழுக்கி விழுந்து தும்மியது. அறைச்சுவர்களின் அதே இளமஞ்சள் நிறம். சுவர் வாயைத் துடைத்துக்கொண்டதுபோல மூடிக்கொண்டது. தொப்புள் மாதிரி ஒரு குழி மட்டும் மிச்சம். குட்டி நாலு காலையும் நாலு திசைக்கு வைத்து எழுந்து, தள்ளாடிப் போய், சுவிட்ச் போர்டைச் சப்ப ஆரம்பித்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சாவிக்காரர் ஓடிப்போய் லாயத்தைத் திறந்துவிட்டார். குதிரை அவசரப்படாமல் சமையலறை வழியாக, பாத்திரம் எதையும் தட்டாமல், படுக்கையறைக்குள் வந்தது. குட்டியைப் பார்த்தது. சுவரைப் பார்த்தது. முதலில் சுவரைத்தான் நக்கியது. அந்தக் குழியைச் சுற்றிச் சுற்றி, நிதானமாக. அப்புறம் குட்டியை மூக்கால் தள்ளித் தன் மடிக்குக் கீழே விட்டது. குட்டி குடிக்கும் சத்தம் கூடம்வரை கேட்டது. கொத்தனாரின் கண் நிறைந்திருந்தது. சுண்ணாம்புத் தூள் என்றார்.

அன்றிலிருந்து அவர் தன்னைக் குட்டிக்குத் தாய்மாமன் என்றே சொல்லிக்கொண்டார். தங்கச்சி வீடு பெற்றதுதானே என்பது அவர் நியாயம். குட்டி வளர்ந்து தாயைவிட உயரமாயிற்று. நல்ல ஓட்டம், நல்ல குணம். அடைமழை நாளில் மட்டும் அதன் இடது விலாவில் லேசாக ஓதம் ஏறி, பாசி படரும். சொல்லி அனுப்பினால் கொத்தனார் வருவார். விலாவில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்.

"பயப்படாதீங்க மாப்பிள்ளை. ரெண்டு நாள் வெயில்ல நிக்கட்டும்."

வெயிலில் நிறுத்துவார்கள். காய்ந்துவிடும்.