பதினொரு மணி வேலைகள்

விவாகரத்து மனுவில் அவளும் அவள் கணவனும் கையெழுத்துப் போட வேண்டிய நாளன்று, வக்கீலம்மாவின் லேப்டாப் சரியாகப் பதினொரு மணிக்குப் படுத்துவிட்டது. டைப்பிஸ்ட் ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் வந்து உட்காரப் பத்து விநாடி ஆனது. உள்ளே இருந்த ஃபேன் மட்டும் ஓயாமல் இரைந்தது.

"தினமும் இதே கூத்துதான்மா. பன்னெண்டரைக்கு மேல தானா சரியாயிடும்," என்றாள் டைப்பிஸ்ட்.

வக்கீலம்மா கோர்ட்டுக்குப் போயிருந்தார். பெஞ்சின் ஒரு முனையில் அவள், மறுமுனையில் அவள் கணவன், நடுவில் அவனுடைய ஹெல்மெட்.

"ஆகட்டும். எனக்கொண்ணும் அவசரமில்ல," என்றான் அவன்.

அவளுக்கும் அவசரமில்லை. ஒரு வருடமாக எதுவும் பிடிப்பதுமில்லை, பிடிக்காமல் போவதுமில்லை. தட்டு வைத்தால் சாப்பிட்டாள். அம்மா அழுதபோதுகூடப் பக்கத்து வீட்டு டிவி சத்தம்போலத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் பன்னிரண்டு வருடமாகக் கவனித்துவரும் கை சும்மா இருக்கவில்லை.

"நான் பாக்கட்டுமாக்கா?"

டைப்பிஸ்ட் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"விவாகரத்து பேப்பர் வரலைன்னு நீயே ரிப்பேர் பண்றியா?" கணவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"பின்னாடி மூணு வேலை ஓடுதுக்கா. வைரஸ் இருக்கான்னு தேடுறது, ஃபைலையெல்லாம் காப்பி எடுக்கிறது, டிஸ்க்கை ஒழுங்குபடுத்துறது. மூணுக்குமே பதினொண்ணுன்னு நேரம் வெச்சிருக்கு."

"அடக்கடவுளே! முன்னெல்லாம் அந்நேரம் நானும் மேடமும் கோர்ட்ல இருப்போம். மிஷின் சும்மாதானே கிடக்குன்னு நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன்."

"மூணையும் நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றான் கணவன்.

"வேண்டிய வேலைதாங்க. நேரத்தை மாத்தினாப் போதும்."

அவனிடம் அவள் இவ்வளவு பேசியே மாதக்கணக்காகிவிட்டது. வைரஸ் தேடுவதைச் சாப்பாட்டு நேரத்துக்குத் தள்ளினாள். காப்பி எடுப்பதை மாலை கடை கட்டும் நேரத்துக்கு வைத்தாள். டிஸ்க் வேலைக்குச் சனிக்கிழமை மத்தியானம் போதும் என்று விட்டாள். ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தியதும் ஃபேன் அடங்கியது.

கால்மணி நேரத்தில் மனு பிரிண்டரிலிருந்து சூடாக வந்தது. டைப்பிஸ்ட் காட்டிய இடத்திலெல்லாம் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

படியிறங்கும்போது அவன் கேட்டான்: "ஒரு டீ சாப்பிட்டுப் போலாமா?"

"அரை நாள்தான் லீவு சொல்லியிருக்கேன்."

"நம்ம வீட்டு லேப்டாப்பும் இப்படித்தான் இழுக்குது."

"எத்தனை மணிக்கு இழுக்குதுன்னு குறிச்சு வைங்க. போன்ல சொல்றேன்."

அவன் தலையாட்டிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

பஸ்ஸில் அழுகை வந்துவிடும் என்று நினைத்து, ஜன்னலோர இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தாள். வரவில்லை. மூன்றாவது ஸ்டாப் தாண்டியதும் தூக்கம்தான் வந்தது.